நேத்து மாதிரியேதான்

அன்று காலை ஏழரை மணிக்கு ஜெசிந்தாவின் குரல் எழுநூற்றுச் சொச்சம் வீடுகளில் பேசிக்கொண்டிருந்தது. துறையூரில் ஒரு பெரியவரைப் பன்னிரண்டு யூனிட் இன்சுலின் போட்டுக்கொள்ளச் சொன்னது. மணப்பாறையில் ஒரு அம்மாளின் கையிலிருந்த மூன்றாவது வாழைப்பழத்தைக் கீழே வைக்கச் சொல்லிக் கெஞ்சியது. ஜெசிந்தாவோ அந்த நேரத்தில், உறையூரில் தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் கேன்டீனில், ஆறிப்போன பொங்கலைக் கரண்டியால் கிளறிக்கொண்டு யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

சர்க்கரை நோயால் பார்வை போனவர்களுக்கென்று அந்த ஆஸ்பத்திரியில் தனி வார்டு உண்டு. பத்தொன்பது வருஷமாக ஜெசிந்தா அங்கே நர்ஸ். அந்த வார்டில் ஊசி போடத் தெரிந்தால் மட்டும் போதாது, வாயும் வேண்டும். உள்ளே வரும்போது பேரைச் சொல்ல வேண்டும். தொடுவதற்கு முன்னால் எங்கே தொடப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். வெளியே போகும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் நழுவினால் நோயாளி காலி நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஜெசிந்தா அப்படி நழுவிவிட்டுத் திரும்பி வந்தபோது, ஒரு வாத்தியார் அவளிடம் தன் மகள் கல்யாணக் கதையைப் பாதி சொல்லி முடித்திருந்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் சொல்லாமல் போனதில்லை.

வீட்டுக்குப் போன நோயாளிகள் அவளுக்குத்தான் போன் செய்வார்கள். "சிஸ்டர், மெஷின்ல என்ன நம்பர் காட்டுதுன்னு தெரியலை." "சிஸ்டர், கால்ல ஏதோ குத்தின மாதிரி இருக்கு, பாக்க ஆளில்லை." ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது அழைப்புகள். எல்லாவற்றையும் எடுக்க அவளால் ஆகவில்லை. எடுக்காமல் விட்ட ஒரு அழைப்பு அவள் மனசில் வருஷக்கணக்காகக் கிடந்தது. சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, மயங்கிப் போய், அப்படியே போய்விட்டார் அந்த மனுஷர்.

அதனால்தான் 'செவித்துணை' வந்தபோது அவள் மறு யோசனை செய்யவில்லை. காதில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவி. கையில் ஒட்டிய வில்லையிலிருந்து அது சர்க்கரை அளவைப் படிக்கும். சட்டையில் குத்திய பித்தான் அளவு கேமராவால் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கும். தினமும் காலையில் பாதங்களைப் பார்த்துச் சொல்லும். யாருடைய குரலில் பேச வேண்டும் என்று நோயாளிகளிடம் கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் ஜெசிந்தா சிஸ்டர் என்றார்கள். குரல் பதிவு செய்யும் கண்ணாடி அறைக்குள் பதினோரு நாள் உட்கார்ந்து கொடுத்ததையெல்லாம் அவள் வாசித்தாள். இனிமேல் ஒரு அழைப்பும் தவறாது என்று நினைத்தபோது தொண்டை வலி பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பரிசோதனைக்கு வருகிறவர்கள் மட்டும் ஒரு மாதிரி பேசுவார்கள். "என்ன சிஸ்டர், இன்னைக்குக் குரல் கரகரன்னு இருக்கு? காலையில காதுல அவ்வளவு நல்லா பேசுனீங்களே!" அவள் சிரித்துவிட்டு, பையிலிருந்து ஒரு இருமல் மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள்.

மாதத்துக்கு ஒரு தடவை செவித்துணை பேசியதில் கொஞ்சத்தைக் கேட்டுப் பார்ப்பது அவள் பொறுப்பு. "உச்சரிப்பு எங்கயாவது இடிக்குதான்னு மட்டும் சொல்லுங்க சிஸ்டர், போதும்" என்பான் கம்பெனிக்காரன் பிரகதீஷ். அன்றைக்குக் கேன்டீனிலிருந்து வந்து கணினி முன்னால் உட்கார்ந்ததும் சிங்காரவேலுவின் பேரைத் தேர்ந்தெடுத்தாள். வேறு காரணம் ஒன்றுமில்லை, அவரைப் பிடிக்கும்.

சிங்காரவேலு லால்குடிக்காரர். முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். ஆறு வருஷத்துக்கு முன்னால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து இரண்டு கண்ணும் போய் வார்டில் படுத்திருந்தபோது, அரைத் தூக்கத்தில் "வாளாடி, வாளாடி! மாந்துறை இறங்குறவன் முன்னால வா!" என்று கத்துவார். மொத்த வார்டும் சிரிக்கும். மனைவி இல்லை. மகன் மஸ்கட்டில். பக்கத்து வீட்டிலிருக்கும் தங்கை சம்பூர்ணம் மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

ஜெசிந்தா காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள்.

"இடது கால் பார்த்துட்டேன் ஐயா. நேத்து மாதிரியேதான் இருக்கு."

அடுத்த நாள் பதிவு. "இடது கால் பார்த்துட்டேன் ஐயா. நேத்து மாதிரியேதான் இருக்கு."

அதற்கடுத்த நாளும் அதுவே. உச்சரிப்பு எங்கும் இடிக்கவில்லை. அடுத்த பேருக்குப் போகலாம் என்று கையை நீட்டினாள். அப்புறம், காலைப் பார்க்காமல் கால் நன்றாக இருக்கிறது என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது என்னவோ போலிருந்ததால், படங்களைத் திறந்தாள். மூன்று வாரத்துக்கு முந்தைய படத்தை இடப்பக்கமும் அன்று காலை எடுத்த படத்தை வலப்பக்கமும் வைத்தாள்.

முதல் படத்தில் சுண்டுவிரலுக்குக் கீழே மிளகு அளவில் ஒரு கொப்புளம். இன்றைய படத்தில் விரலே கறுத்திருந்தது. பாதத்தின் ஓரம் முழுக்க வீங்கிப் பளபளத்தது.

பிரகதீஷுக்குப் போன் போட்டாள்.

"அது பொய் சொல்லலை சிஸ்டர்" என்றான் அவன், படங்களைத் தானும் பார்த்துவிட்டு. குரல் இறங்கியிருந்தது. "தினமும் முந்தின நாள் படத்தோட ஒப்பிட்டுப் பாக்குது. ஒரு நாள்ல ஆகுற மாற்றம் ரொம்பக் கம்மி. அதனால நேத்து மாதிரியே இருக்குன்னு சொல்லுது."

"மூணு வாரத்துக்கு முன்னால இருந்ததோட ஒப்பிடாதா?"

"ஆரம்பத்துல ஒப்பிட்டுச்சு. லேசா நிறம் மாறினாலே எச்சரிக்கை பண்ணுச்சு. ஜனங்க பதறிப்போனாங்க. பதற்றத்துல சக்கரை ஏறுச்சு. பாதிப் பேர் கருவியையே கழட்டி வெச்சுட்டாங்க. அதனால... கொஞ்சம் குறைச்சோம்."

"யாருக்கும் சொல்லாமயா?"

"டாக்டர்களுக்கு அறிக்கை அனுப்பினோம் சிஸ்டர். நாற்பது பக்கம்."

அவள் போனை வைத்துவிட்டு சிங்காரவேலுவை அழைத்தாள். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"ஐயா, ஜெசிந்தா பேசறேன். உங்க இடது கால்..."

"ஜெசிந்தா என் காதுல இருக்கா. நீ யாரு?"

"ஐயா, நிஜ ஜெசிந்தா..."

வைத்துவிட்டார். மறுபடி அழைத்தபோது எடுக்கவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. அந்த வருஷம் அடுத்தவர் குரலில் பேசி ஏமாற்றுவது சளி காய்ச்சல் மாதிரிப் பரவியிருந்தது. போன மாதம்தான் அவர் தெருவிலேயே ஒருவரிடம் மகன் குரலில் யாரோ பேசி ஆதார் விவரத்தைப் பிடுங்கியிருந்தார்கள். கண் தெரியாதவர் எதை வைத்து நம்புவார்?

டாக்டர் படத்தைப் பார்த்ததும், "இன்னைக்கே கொண்டு வாங்க. நாளைக்குன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்கிற மாதிரி ஆயிடும்" என்றார். பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரி வேனில் ஜெசிந்தா லால்குடிக்குக் கிளம்பினாள்.

சிங்காரவேலு வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில், இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கூடத்து மூலையில் சம்பூர்ணம் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். படியில் கால் வைத்ததும் ஜெசிந்தாவுக்குப் புண் அழுகும் வாடை தெரிந்துவிட்டது. ஊதுபத்தி ஏற்றியிருந்தும் தெரிந்தது.

"ஐயா, நான் ஜெசிந்தா. வாசல்ல நிக்கிறேன்."

"போன்ல பேசின பொம்பளைதானே? வீட்டுக்கே வந்துட்டியா?"

"அண்ணே, நர்ஸ் டிரெஸ்தான் போட்டிருக்கு" என்றாள் சம்பூர்ணம்.

"டிரெஸ் கடையில கிடைக்கும். நீ பேசாம இரு."

"ஐயா, நீங்க வார்டுல படுத்துக்கிட்டு வாளாடி, மாந்துறைன்னு கூவுவீங்களே, மறந்துட்டீங்களா? காபியில சக்கரை போடலைன்னு என்கிட்ட ஒரு வாரம் பேசாம இருந்தீங்க..."

"அதையெல்லாம் நான் அவகிட்ட நூறு தரம் சொல்லியிருக்கேன். ஒட்டுக் கேட்டுட்டு வந்து எனக்கே கதை சொல்றியா?" காதிலிருந்த கருவியை ஒரு விரலால் அழுத்தினார். "சிஸ்டர், எல்லாருக்கும் கேக்கிற மாதிரி பேசு. இங்க ஒருத்தி வந்திருக்கா. உன் பேரைச் சொல்றா."

கருவி பேசியது. "பதற வேண்டாம் ஐயா. தெரியாதவங்ககிட்ட கையையோ காலையோ குடுக்காதீங்க. நான் உங்க கூடவேதான் இருக்கேன்."

ஜெசிந்தா அப்படியே நின்றாள். தன் குரலை ஒலிபெருக்கியில் அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். தன்னை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு அது பேசிக் கேட்டதில்லை. கரகரப்பு இல்லை, அலுப்பு இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில், வார்டில் இரண்டே இரண்டு நோயாளிகள் இருக்கும் ஒரு நாளில், அவள் எப்படிப் பேச ஆசைப்படுவாளோ அப்படிப் பேசியது. அந்த மனுஷர் அதை நம்பாமல் வேறு எதை நம்புவார்? அவர் இடத்தில் இருந்தால் அவளே அதைத்தான் நம்பியிருப்பாள்.

தான்தான் ஜெசிந்தா என்று நிரூபிக்க இன்னும் எதைச் சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்த மனசு சட்டென்று நின்றது. அடையாள அட்டையைச் சம்பூர்ணத்திடம் காட்டலாம் என்று கழுத்துப் பட்டையைப் பிடித்தவள், அதை விட்டுவிட்டாள்.

"சரிய்யா. நான் ஜெசிந்தா இல்லைன்னே வெச்சுக்கங்க. யாரோ ஒருத்தி. உள்ள வரமாட்டேன், உங்களைத் தொடமாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க காலை நீங்களே தொட்டுப் பாருங்க."

"எனக்கு அங்க உணர்ச்சியே கிடையாது."

"காலுக்குத்தானே இல்லை, கைக்கு இருக்குல்ல? விரல் நுனி வேண்டாம், ஊசி குத்திக் குத்தி மரத்துப் போயிருக்கும். புறங்கையால தொடுங்க. முதல்ல வலது கால். சுண்டுவிரலுக்குக் கீழே."

 அவர், வம்பு எப்படியாவது ஒழிந்தால் சரி என்பதுபோல், குனிந்து தொட்டார்.

"எப்படி இருக்கு?"

"கால் மாதிரி இருக்கு."

"இப்ப இடது கால். அதே இடம்."

புறங்கை இடது பாதத்தின் ஓரத்தில் போய் நின்றது. எடுத்தார். மறுபடி வலது காலைத் தொட்டார். திரும்பவும் இடது.

"சுடுது" என்றார்.

"இன்னும் கொஞ்சம் கீழ போங்க."

"மெத்து மெத்துன்னு இருக்கு. ஈரமா..." கையை மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது.

"ஐயா, உங்க நாடி வேகமா ஓடுது" என்றது காதிலிருந்த குரல், அன்பாக. "மெதுவா மூச்சு விடுங்க. கால் நேத்து மாதிரியேதான் இருக்கு."

சிங்காரவேலு தலையைச் சாய்த்து அதைக் கேட்டார். "நேத்து எப்படி இருந்துச்சு?"

"முந்தாநாள் மாதிரியேதான் ஐயா."

"முந்தாநாளு?"

"அதுக்கு முந்தின நாள் மாதிரியேதான்."

 சம்பூர்ணம் தூக்குச்சட்டி மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். சிங்காரவேலு காதிலிருந்து கருவியைக் கழற்றி, எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டார். அது பைக்குள்ளிருந்தும் ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது.

"என்ன ஆகும்?" என்று வாசல் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"விரல் போகும். ஒண்ணோ ரெண்டோ. கால் நிக்குமான்னு டாக்டர் திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

"நீ யாருன்னு எனக்கு இன்னும் தெரியாது, பாத்துக்க."

"தெரிய வேண்டாம்யா. வேன்ல ஏறுங்க."

இரண்டு விரல் போனது. கால் நின்றது. டிஸ்சார்ஜ் ஆகிற அன்று சக நர்ஸ் வஹீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார். "வீட்டுக்கு வந்தது நெசமாவே ஜெசிந்தாதானாம்மா? நீ சொன்னா நம்பறேன். ஆனா காதுல பேசின பொண்ணு குரல் இன்னும் நல்லா இருக்கும்." ஜெசிந்தா பக்கத்தில்தான் நின்றாள். சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை.

அதற்குள் நர்ஸ்கள் எல்லோருமாக உட்கார்ந்து, நான்கு நாளில் எழுநூறு பேருடைய படங்களையும் பார்த்து முடித்திருந்தார்கள். பத்தொன்பது பேரை வரவழைத்தார்கள். மருந்தாலும் கட்டுப் போட்டதாலும் பதினெட்டுப் பேர் தப்பினார்கள். கால் பார்த்துச் சொல்லும் வேலையைக் கம்பெனி நிறுத்தியது. ஜெசிந்தா கேட்டுக்கொண்டபடி குரலையும் மாற்றியது. பத்தொன்பதாவது ஆள் பரஞ்சோதி. முசிறியில் இட்லிக் கடை வைத்திருந்தவள், ஐம்பத்திரண்டு வயது. அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அறுவை முடிந்த மறுநாள் ஜெசிந்தா வழக்கம்போல் கட்டிலருகே போய், "அம்மா, நான் ஜெசிந்தா வந்திருக்கேன்" என்றாள்.

பரஞ்சோதியின் கை துழாவி, தண்ணீர் டம்ளரை எடுத்து வீசியது. "நீதானடி சொன்னே! தினம் தினம் சொன்னியே, நல்லா இருக்கு, நேத்து மாதிரியே இருக்குன்னு! உன்னை நம்பித்தானடி நின்னு நின்னு இட்லி ஊத்தினேன்!"

அது மெஷின் என்று வஹீதா எடுத்துச் சொன்னாள். டாக்டர் சொன்னார். பரஞ்சோதி காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்தக் கட்டிலருகே ஜெசிந்தா வாய் திறப்பதில்லை. கட்டு மாற்றுவதில் அவளைப்போல் கை பழகியவர் வார்டில் வேறு யாருமில்லை என்பதால் அவள்தான் செய்தாக வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்று வஹீதா பேசுவாள். "இப்ப பஞ்சு வைக்கிறோம்மா. இப்ப கொஞ்சம் எரியும்." ஜெசிந்தாவின் கை வேலை செய்யும்.

"இந்தக் கை யாரோடது?" என்று ஒருநாள் பரஞ்சோதி கேட்டாள்.

"எங்க கூட வேலை பாக்குறவங்கம்மா."

"பேச மாட்டாளா?"

வஹீதா ஜெசிந்தாவைப் பார்த்தாள். "தொண்டை சரியில்லம்மா."

"பாவம். கை நல்ல கை."

ஜெசிந்தா தலை நிமிராமல் பிளாஸ்திரியை ஒட்டி முடித்தாள்.

ஒன்பதாம் நாள் வஹீதா லீவு. காலை பதினோரு மணிக்கு ஜெசிந்தா தனியாக டிரேயைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பேசாமலே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். சர்க்கரை பார்ப்பதற்காக விரலைத் தொட்டதும் பரஞ்சோதி உடம்பு முழுக்கத் தூக்கிவாரிப்போட்டு, கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "யாரு? யாரது?" என்றாள். குரலில் அப்படியொரு பயம். பத்தொன்பது வருஷத்தில் தன் கை பட்டு ஒரு நோயாளி அப்படிப் பயந்து ஜெசிந்தா பார்த்ததில்லை.

"நான்தாம்மா" என்றாள். "ஜெசிந்தா. ஒன்பது நாளா கட்டு மாத்துறது நான்தான்."

 டம்ளர் இருக்கும் மேஜை பக்கம் பரஞ்சோதியின் கை போகுமென்று ஜெசிந்தா எதிர்பார்த்தாள். போகவில்லை.

"அந்தக் காதுல பேசினது நீ இல்லைன்னாங்க" என்றாள் பரஞ்சோதி.

"பேசினது நான் இல்லைம்மா. குரல் என்னோடது. கேட்டாங்க, குடுத்தேன்."

"என்ன சொல்லப்போவுதுன்னு கேக்காமயா குடுத்தே?"

"கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. தோணியிருக்கணும்."

 பரஞ்சோதி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்படியே விரலை மட்டும் நீட்டினாள். ஜெசிந்தா சொல்லிவிட்டுக் குத்தினாள். அளவு வந்தது.

"எவ்வளவு?"

"முந்நூத்திப் பத்து. நேத்தைவிட எழுபது கூட. இன்சுலின் ஏத்த வேண்டியிருக்கும்."

"புண்ணு?"

ஜெசிந்தா கட்டை அவிழ்க்கப்போவதாகச் சொல்லி, அவிழ்த்துப் பார்த்தாள். "வெளிப்பக்கம் ஒரு இடம் சேரலை. டாக்டர் நாளைக்கு மறுபடி சுத்தம் பண்ணணும்னுதான் சொல்வாரு. வலிக்கும்."

"நல்லதா சொல்ல ஒண்ணுமே இல்லையா உங்கிட்ட?"

ஜெசிந்தா யோசித்துப் பார்த்தாள். செவித்துணையிடம் இதற்குப் பத்து பதில் இருந்திருக்கும், பத்தும் அவள் வாசித்துக் கொடுத்தவை.

"இன்னைக்கு இல்லம்மா" என்றாள்.

 பரஞ்சோதி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி, கட்டு அவிழ்த்த இடது காலைக் குரல் வந்த பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"சரி. சொல்லிக்கிட்டே பண்ணு."